சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன், காமர்ஸ் பக்கம் எந்த எலெக்டிவ் எடுக்கலாம்?

மூன்றாம்பெஞ்ச்:

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறேன். அடுத்த வருடத்துக்கான எலெக்டிவ் படிவத்தை அடுத்த வாரத்துக்குள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் இரண்டுக்கும் சேர்த்து நான்கு எலெக்டிவ். குறைந்தது இரண்டு எங்கள் துறையிலிருந்து இருக்க வேண்டும், மீதி இரண்டை விரும்பினால் காமர்ஸ் அல்லது பிபிஏ துறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இருப்பவை: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு (இதற்கு லேப் உண்டு), சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவு), சுற்றுச்சூழல் பொருளாதாரம், பல்லுயிர்ப் பாதுகாப்பு. அந்தப் பக்கம்: நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மார்க்கெட்டிங், ஹெச்ஆர், தொழில்முனைவு, அப்புறம் பசுமை வணிகம் என்று புதிதாக ஒன்று.

வீடு திருப்பூர். அப்பா ஒரு பின்னலாடைக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், பையர்களோடு ஆர்டரும் விலையும் பேசுகிற வேலை. வெளிநாட்டு பையர்கள் தண்ணீர், கெமிக்கல், கரண்ட் என்று கணக்குக் கேட்டுக் குடைகிறார்கள், அதைப் பார்க்க ஆள் கிடைப்பதில்லை, நீ பிசினஸும் கொஞ்சம் படி என்கிறார். எங்கள் ஹெச்ஓடியோ முழுக்க சயின்ஸ் எடுத்தால்தான் எம்.எஸ்சி.க்கு நல்லது என்கிறார். தோழிகள் எல்லாம் மார்க்கெட்டிங், பசுமை வணிகம் இரண்டும் மார்க் அள்ளலாம் என்று அங்கே போகிறார்கள். எம்.எஸ்சி.யா வேலையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கணக்கு எனக்குச் சுமார்தான், பிளஸ் டூவில் பயாலஜி குரூப்.

இரண்டு பக்கமும் கால் வைத்தால் இரண்டுமே அரைகுறை ஆகிவிடுமா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மதிப்பெண்முக்கியம்:

எது ஈஸியோ அதை எடு. பிளேஸ்மென்ட்டில் சிஜிபிஏ மட்டும்தான் பார்க்கிறார்கள், பேப்பர் பெயரை எவரும் படிப்பதில்லை. அனுபவத்தில் சொல்கிறேன்.

கலர்கிச்சன்:

மேலே சொன்னவர் எந்தத் துறையோ தெரியாது, நம் துறையில் அது பாதி உண்மைதான். சிஜிபிஏ உன்னை உள்ளே கூப்பிட வைக்கும், உட்கார்ந்த பிறகு முதல் கேள்வியே “பிஓடிக்கும் சிஓடிக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது, உன் லேபில் எவ்வளவு வந்தது” என்றுதான் இருக்கும். (பிஓடி என்பது தண்ணீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன். சிஓடி என்பது நுண்ணுயிரால் சிதைக்க முடியாததையும் சேர்த்து ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படுவது, அதனால் அதுதான் பெரிதாக இருக்கும்.)

தம்பி, நான் சாயப்பட்டறை சுத்திகரிப்பு நிலையப் பக்கம் வேலை செய்கிறவன், அதனால் திருப்பூர்க் கதையை வைத்தே சொல்கிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உனக்குச் சின்ன வயதில் நடந்தது, ஆனால் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அதற்குப் பிறகு பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் இல்லாமல் பட்டறை ஓட்ட முடியாது. அதாவது சாயத் தண்ணீரை முதலில் உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்ஓவில் விட்டு, நல்ல தண்ணீரைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்பி, மிஞ்சுகிற ரிஜெக்டை, அதாவது உப்பு அடர்ந்த தண்ணீரை, எவாப்பரேட்டரில் ஏற்றிக் காய்ச்சி உப்பாக எடுக்க வேண்டும். கேட்க அழகாக இருக்கும். செலவு எங்கே என்றால் அந்தக் கடைசிப் படியில். ஆர்ஓவில் மிஞ்சும் அந்த ரிஜெக்ட் அளவில் கொஞ்சம், ஆனால் அதைக் காய்ச்ச ஆகும் நீராவிதான் பணத்தை விழுங்குகிறது.

இப்போது யோசித்துப் பார். ஒரு கிலோலிட்டர் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய எவ்வளவு ஆகிறது என்று முதலாளி கேட்கிறார். நீராவி, கரண்ட், கெமிக்கல், ஆட்கூலி இதெல்லாம் எல்லாரும் சேர்ப்பார்கள். ஆர்ஓவின் மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வு) சில வருடத்தில் மாற்ற வேண்டும், அதை மாதா மாதம் எப்படிப் பிரிப்பது? திரும்பக் கிடைத்த தண்ணீருக்கு லாரித் தண்ணீர் விலையைக் கழிப்பதா, போர் தண்ணீர் விலையைக் கழிப்பதா? மீட்ட உப்பை அடுத்த பேட்சில் பயன்படுத்தினால் அது வருமானமா, செலவுக் குறைப்பா? இதையெல்லாம் சேர்த்து ஒரு கிலோ துணிக்கு இவ்வளவு என்று கொண்டுவந்தால்தான் மெர்ச்சண்டைசர் பையரிடம் விலை பேச முடியும். உன் அப்பாவிடம் கேள், சுத்திகரிப்புச் செலவை விலையில் எப்படிச் சேர்க்கிறார்கள் என்று. முக்கால்வாசிப் பேர் ஒரு குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள்.

அக்கவுண்டன்ட்டுக்கு ஆர்ஓ ரிக்கவரி என்றால் என்னவென்று தெரியாது, கெமிஸ்ட்டுக்கு தேய்மானம், அதாவது இயந்திரத்தின் விலையை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக எழுதுவது, என்றால் என்னவென்று தெரியாது. சாதாரண இயந்திரத்துக்கு வருமான வரியில் 15 சதவீதத் தேய்மானம், நீர் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு 40 சதவீதம் என்பது எங்கள் பிளான்ட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு புது எவாப்பரேட்டர் வாங்கலாமா வேண்டாமா என்பதில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

அதனால் என் கணக்கு: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல். நான்காவது தாக்க மதிப்பீடோ ஜிஐஎஸோ, உன் இஷ்டம். பசுமை வணிகம் வேண்டாம். அதில் இருப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படித்து முடித்துவிடலாம். கணக்கியலை அப்படிப் படிக்க முடியாது, எவராவது பக்கத்தில் உட்கார்ந்து தப்பைக் காட்ட வேண்டும்.

மூன்றாம்பெஞ்ச்:

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. தம்பி இல்லை, தங்கை :)

அப்பாவிடம் கேட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே “டையிங் சார்ஜிலேயே அது வந்துவிடும்” என்றார், எவ்வளவு என்றால் தெரியவில்லை.

ஒரு சந்தேகம். நிதிக் கணக்கியல் பேப்பரை பி.காம். மாணவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். அவர்கள் பதினோராம் வகுப்பிலிருந்தே டெபிட் கிரெடிட் போட்டுப் பழகியவர்கள், எனக்கு அந்த வார்த்தைகளே புதிது. அரியர் வைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

கலர்கிச்சன்:

மன்னிக்கணும் தங்கச்சி. பயப்படாதே, முதல் ஒரு மாதம் தலை சுற்றும், பிறகு சரியாகிவிடும். உங்கள் கெமிஸ்ட்ரி அல்லைடில் மோல் கணக்கு போட்டிருப்பாயே, அதைவிடக் கஷ்டமான கணக்கு இதில் இல்லை. வெறும் கூட்டல் கழித்தல்தான், எதை எந்தப் பக்கம் எழுதுவது என்பது மட்டும்தான் பழக வேண்டும். உள்ளே போனது, வெளியே வந்தது என்று மெட்டீரியல் பேலன்ஸ் போடத் தெரிந்தவருக்கு பேலன்ஸ் ஷீட் வரும்.

எக்செல்_மகாராணி:

நான் சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் இருக்கிறேன், நிறுவனங்களுக்கு நிலைத்தன்மை அறிக்கை தயாரிப்பதுதான் வேலை. படித்தது எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். கலர்கிச்சன் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் அவர் ஆலைக்குள் இருந்து பேசுகிறார். நான் ஆபீஸ் மேசையில் இருந்து பேசுகிறேன்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2021 மே மாதம் பிஆர்எஸ்ஆர் (நிறுவனப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) என்று ஒரு அறிக்கை வடிவத்தைக் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து அது கட்டாயம். 2023இல் பிஆர்எஸ்ஆர் கோர் என்று ஒரு சுருக்கப் பட்டியல் வந்தது, அதிலுள்ள எண்களை வெளி ஆள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதலில் பெரிய 150 நிறுவனங்கள், பிறகு படிப்படியாக மற்றவை. எங்கள் வேலை பெருகியது அதற்குப் பிறகுதான்.

அந்தப் படிவத்தில் ஆறாவது கோட்பாடு சுற்றுச்சூழல். அங்கே என்ன கேட்கிறார்கள் தெரியுமா? மொத்தம் எவ்வளவு ஆற்றல் செலவானது என்பதோடு நிற்பதில்லை, ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு எவ்வளவு ஆற்றல், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உமிழ்வு என்று கேட்கிறார்கள். மேலே இருக்கும் எண் உன் பாடம், கீழே இருக்கும் எண் காமர்ஸ் பாடம். கீழே இருக்கும் எண்ணைப் புரியாமல் அறிக்கை எழுதுகிற சயின்ஸ் ஆட்கள் நிறைய. இரும்பு விலை ஏறியது என்று வை, அதே டன் இரும்பை விற்றாலும் விற்றுமுதல் கூடும், அப்போது ஒரு ரூபாய்க்கான உமிழ்வு தானாகக் குறையும். ஆலையில் ஒரு பல்பைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள், ஆனால் அறிக்கையில் “உமிழ்வுச் செறிவு குறைந்தது” என்று அழகாகப் போட்டுவிடலாம். இதைக் கண்டுபிடிக்க விற்றுமுதல் ஏன் ஏறியது என்று ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் நிதிக் கணக்கியல்.

இன்னொன்று. பசுமைக்குடில் வாயுக் கணக்கில் ஸ்கோப் 1, 2, 3 என்று படித்திருப்பாய்: நிறுவனம் நேராக வெளியிடுவது, வாங்கும் கரண்ட் முதலிய ஆற்றலால் வருவது, சப்ளையர் முதல் வாடிக்கையாளர் வரை மற்றவர்களிடம் வருவது. ஸ்கோப் 2 சுலபம், கரண்ட் பில் இருந்தால் போதும். நம் நாட்டு மின்கட்டமைப்புக்கு ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று மத்திய மின்சார ஆணையத்தின் தரவு இருக்கிறது, மாதம் ஒரு லட்சம் யூனிட் என்றால் சுமார் 70 டன். ஐந்து நிமிட வேலை. ஸ்கோப் 3இல்தான் உயிர் போகும். அதில் மொத்தம் 15 வகை, முதல் வகையே வாங்கிய பொருட்களும் சேவைகளும். அந்தத் தரவு எங்கே இருக்கும்? பர்ச்சேஸ் லெட்ஜரில் (கொள்முதல் பேரேடு). லெட்ஜரைத் திறந்தால் ஒரே சப்ளையர் மூன்று பெயரில் இருப்பார், அட்வான்ஸ் கொடுத்தது ஒரு வரி, பில் வந்தது ஒரு வரி, டெபிட் நோட் ஒரு வரி. படிக்கத் தெரியாவிட்டால் இரண்டு தடவை எண்ணிவிடுவாய்.

அதனால் நிதிக் கணக்கியலுக்கு என் ஓட்டு உறுதி. அடக்கவிலை, ஆலைப் பக்கம் போவதாக இருந்தால் எடு, ஆபீஸ் பக்கம் என்றால் அவ்வளவு தேவைப்படாது. லேப் உள்ள பேப்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதே. எனக்குக் கீழே சேர்கிறவர்களில் எம்பிஏ படித்தவர்கள் பலர், எக்செல் பிரமாதமாகப் போடுவார்கள், ஆனால் ஒரு ஆலை தன் கழிவுநீரில் பிஓடி சிஓடியைவிட அதிகம் என்று எழுதி அனுப்பினால்கூட அதைத் தூக்கி அப்படியே டேபிளில் போட்டுவிடுவார்கள். அது தப்பு என்று உறைக்க கையால் டைட்ரேஷன் செய்திருக்க வேண்டும்.

நிழற்குடை:

ஜிஐஎஸ்ஸை எல்லாரும் ஓரமாகத் தள்ளுகிறீர்கள். அதற்கான மென்பொருள் கியூஜிஐஎஸ் இலவசம், லேப்டாப் இருந்தால் போதும், இன்று சுற்றுச்சூழல் வேலை விளம்பரத்தில் பாதியில் அது இருக்கிறது.

எக்செல்_மகாராணி:

இலவசமாகக் கிடைக்கிறது, தானாகக் கற்றுக்கொள்ளலாம் என்பதால்தான் அதற்கு ஒரு எலெக்டிவைச் செலவு செய்ய வேண்டாம் என்கிறேன். ஸ்வயம், என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளங்கள் இரண்டிலும் ஜிஐஎஸ், தொலையுணர்வுப் பாடங்கள் இருக்கின்றன. சேர்வதற்குக் காசு கிடையாது, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

சாக்பீஸ்தூள்:

முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் ஹெச்ஓடி பக்கமும் கொஞ்சம் பேச ஒரு ஆள் வேண்டுமல்லவா.

அம்மா, முதலில் ஒரு விஷயம். பி.எஸ்சி. முடித்தவர் எம்பிஏ போகலாம், எந்தப் பட்டமானாலும் சேர்த்துக்கொள்வார்கள். அடக்கவிலைக் கணக்காளர் படிப்பில்கூடப் பட்டதாரிகள் நேராக இன்டர்மீடியட்டில் சேர முடியும். ஆனால் பிபிஏ முடித்தவர் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலுக்குப் பொதுவாக வர முடியாது. கதவு ஒரு பக்கமாகத்தான் திறக்கிறது. ஆகவே பிசினஸைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், சயின்ஸைப் பிறகு சேர்த்துக்கொள்வது கஷ்டம். ஹெச்ஓடி சொல்வதில் இருக்கும் நியாயம் இதுதான், அவர் துறைக்கு ஆள் குறையும் என்ற கவலையும் கொஞ்சம் இருக்கலாம், அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் நான்கில் இரண்டு பேப்பர் வெளியே எடுத்ததால் எவரும் எம்.எஸ்சி. சீட்டைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. பட்டத்தின் பெயரையும் மொத்த மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள், நுழைவுத்தேர்வு இருந்தால் அதைப் பார்ப்பார்கள். கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் என்று தனித் தாள் வந்திருக்கிறது, நெட் தேர்வில் ஏற்கெனவே உண்டு. அவற்றுக்கு வேண்டிய அடிப்படை உங்கள் மேஜர் பேப்பர்களில் இருக்கிறது, எலெக்டிவில் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விஞ்ஞானி பணிக்கு எம்.எஸ்சி. வேண்டும், வெறும் பி.எஸ்சி.யோடு எந்த எலெக்டிவ் எடுத்தாலும் அந்தப் படி ஏற முடியாது. இதை மனதில் வையுங்கள்.

நண்பர்கள் இருவரும் சொல்லாமல் விட்ட ஒரு பேப்பர் சுற்றுச்சூழல் பொருளாதாரம். உங்களுக்கு இரண்டு துறையும் சேரும் இடம் உண்மையில் அதுதான், அதுவும் உங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறது. கணக்கியல் என்ன செய்யும்? கம்பெனி கொடுத்த பணத்தை எண்ணும். கம்பெனி கொடுக்காத பணத்தை எண்ணாது. நொய்யல் ஆற்றில் சாயம் கலந்து ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயி கிணறு உப்பானதே, அந்த நட்டம் எந்தப் பட்டறையின் லெட்ஜரிலும் இல்லை. அதற்கு ரூபாய் மதிப்பு எப்படிப் போடுவது? நிலத்தின் விலை குறைந்ததை வைத்தா, விளைச்சல் குறைந்ததை வைத்தா, குடிதண்ணீர் வாங்கிய செலவை வைத்தா? வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றது நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதிதான் என்று தீர்ப்புச் சொன்னது. அதன்பிறகு தமிழ்நாட்டில் சூழலியல் இழப்பைக் கணக்கிட்டு ஈடு நிர்ணயிக்க ஒரு ஆணையமே அமைத்தார்கள், வேலூர் பக்கமும் நொய்யல் பக்கமும் விவசாயிகள் நட்டத்தை அது கணக்கிட்டது. அந்த வேலைக்கு என்ன படிப்பு வேண்டுமோ அதுதான் இந்தப் பேப்பர்.

அடக்கவிலைக்குப் பதிலாக இதை எடுக்கலாம் என்பது என் கருத்து. பிடித்துப்போனால் பிறகு சென்னைப் பொருளியல் பள்ளியில் சுற்றுச்சூழல் பொருளாதாரத்தில் எம்.ஏ. இருக்கிறது (கணிதத்தை அதற்கு முன்பே தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்), போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனத்தில் நிலைத்தன்மை மேலாண்மைக்கென்றே எம்பிஏ இருக்கிறது.

கடைசியாக, இதை எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை: பேப்பர் பெயரைப் பார்க்காதீர்கள், யார் எடுக்கிறார்கள் என்று சீனியரிடம் கேளுங்கள். தாக்க மதிப்பீட்டை உண்மையில் ஒரு திட்ட அறிக்கையை வகுப்பில் பிரித்துப் போட்டு நடத்துகிறவரும் இருக்கிறார், 2006 அறிவிக்கையை வரிவரியாக ஒப்பிக்கச் சொல்கிறவரும் இருக்கிறார். முதலாமவரிடம் எந்தப் பேப்பரும் நல்ல பேப்பர்தான்.

கலர்கிச்சன்:

சார் சொன்னதில் கிணற்றுக் கணக்கு நியாயம், எங்கள் ஊர்க்காரன் அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு பி.எஸ்சி. முடித்த பெண்ணுக்கு முதல் வேலை கிணற்றின் மதிப்பைப் போடும் இடத்தில் கிடைக்காது சார். கிடைப்பது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் சீட். அங்கே தினசரி வேலை மீட்டர் ரீடிங், கெமிக்கல் ஸ்டாக், சான்றிதழ் புதுப்பிப்பு, பையர் அனுப்பும் கேள்வித்தாள். அதற்கு அடக்கவிலைதான் கை கொடுக்கும்.

சாக்பீஸ்தூள்:

முதல் வேலைக்காக மூன்றாம் ஆண்டை முழுவதும் கொடுக்க வேண்டுமா என்பதுதான் நான் கேட்பது. ஆனால் நீங்கள் சொல்லும் வேலை நிஜம், அதில் சந்தேகமில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் படிவம் 5 ஞாபகம் இருக்கிறதா? ஆண்டுதோறும் ஆலைகள் வாரியத்துக்குக் கொடுக்கிற சுற்றுச்சூழல் அறிக்கை. ஒரு யூனிட் உற்பத்திக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மூலப்பொருள் என்று அதில் கேட்கிறார்கள், மாசுக் கட்டுப்பாட்டு நடவடிக்கையால் உற்பத்திச் செலவில் என்ன மாற்றம் என்றும் ஒரு பகுதி இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இதைக் கேட்டுவிட்டார்கள். அந்தப் பகுதியை ஒழுங்காக நிரப்பிய படிவத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கலர்கிச்சன்:

சார், அந்தக் கட்டத்தில் போன வருடம் எழுதியதையே இந்த வருடமும் எழுதுவதுதான் வழக்கம். இப்போது 2025இல் சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் வந்துவிட்டன, பதிவு பெற்ற தணிக்கையாளர் வந்து பார்ப்பார் என்கிறார்கள், இனி அப்படி ஓட்ட முடியாது என்று நினைக்கிறேன். அதுவும் தங்கச்சிக்கு ஒரு வாய்ப்பு.

நிழற்குடை:

இரும்பு, அலுமினியம் ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஐரோப்பிய எல்லை கார்பன் வரி வேறு 2026 ஜனவரியிலிருந்து முழுதாக நடைமுறைக்கு வந்துவிட்டது. பின்னலாடை அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் கோவை, ஓசூர் பக்கம் வேலை தேடினால் அதைக் கேட்பார்கள். டன்னுக்கு எவ்வளவு உமிழ்வு என்று கணக்குக் காட்டத் தெரிந்தால் போதும், அதற்கும் மேலே சொன்ன அதே கணக்கியல் பேப்பர்கள்தான்.

மூன்றாம்பெஞ்ச்:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் கலர்கிச்சன் அண்ணா கட்சி. நான் இன்னும் நடுவில்.

இன்று சீனியர் அக்காக்களிடம் விசாரித்தேன். கழிவுநீர்ப் பேப்பரை எடுக்கிற மேடம் லேபை உண்மையாகவே நடத்துகிறார்களாம், ஆண்டுக்கு ஒரு தடவை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போவார்களாம். அது முடிவு. நிதிக் கணக்கியலும் முடிவு, ஐந்தாவது செமஸ்டரிலேயே எடுத்துவிடப் போகிறேன், அப்போதுதான் வேண்டுமானால் ஆறாவதில் அடக்கவிலை எடுக்க முடியுமாம், நிதிக் கணக்கியல் முடிக்காதவர்களை அதில் சேர்ப்பதில்லை என்று காமர்ஸ் துறையில் சொன்னார்கள்.

ஆறாவதில் ஒன்று தாக்க மதிப்பீடு. மிச்சம் இருக்கும் ஒன்றுதான் அடக்கவிலையா சுற்றுச்சூழல் பொருளாதாரமா என்று நிற்கிறது. நல்லவேளை, படிவத்தில் ஆறாவது செமஸ்டருக்கு டிசம்பர் வரை மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. கணக்கியல் எனக்கு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைக்கிறேன். சரிதானே சார்?

லீவில் என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள். டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்) கிளாஸ் சேரட்டுமா?

சாக்பீஸ்தூள்:

மிகவும் சரி. அதுவரைக்கும் இன்டர்னல் இரண்டு முடிந்திருக்கும், எது வரும் எது வராது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஹெச்ஓடியிடம் இந்தப் பட்டியலை நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள், நான்கில் மூன்று அவர் துறைப் பேப்பராகவும் முடியலாம் என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

எக்செல்_மகாராணி:

டாலி இப்போது வேண்டாம். பதிவு போடுவது எப்படி என்று அது சொல்லித்தரும், ஏன் என்று சொல்லித்தராது. ஏன் என்பது பேப்பரில் வந்த பிறகு டாலி பத்து நாளில் வந்துவிடும். லீவில் எக்செலில் பிவட் டேபிள் பழகு. வீட்டுக் கரண்ட் பில், தண்ணீர், கேஸ் இவற்றை ஒரு வருடத்துக்கு எடுத்துப் போட்டு உன் வீட்டின் உமிழ்வைக் கணக்குப் பண்ணிப் பார், யூனிட் மாற்றுவதில் எங்கே தடுமாறுகிறாய் என்று தெரியும்.

கலர்கிச்சன்:

நான் சொல்கிற வேலை இன்னும் சுலபம். அப்பா கம்பெனிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் பட்டறையில் ஒரு மாத லாக்புக் ஷீட்டும், போன வருடம் வாரியத்துக்கு அனுப்பிய படிவம் 5 நகலும் பார்க்கக் கிடைக்குமா என்று அப்பாவை விட்டுக் கேட்கச் சொல். பெயரை மறைத்துக் கொடுத்தாலும் போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார். ஆனால் இந்த மாதமே கேட்டுவிடு. அந்தப் படிவத்துக்குக் கடைசித் தேதி செப்டம்பர் 30, ஆகஸ்ட் தாண்டிவிட்டால் அந்த சீட்டில் இருக்கிறவர் எவர் எதைக் கேட்டாலும் எரிந்து விழுவார்.